வீரபாகு ஊற்றிய தண்ணீர்

வீரபாகுவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை ஆறுமுகநேரி முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் கிடைக்காது. இருபது வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்த மனுஷர், கங்காணி தொண்டையைச் செருமினாலே உப்பு வாரும் கைப்பலகையைக் கீழே போட்டுவிடுவார். வெயில் கண்ணைக் கெடுத்த பிறகு, தூத்துக்குடிக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவும் வேலைக்கு வந்தார். அங்கேயும் ஊசியைக் கண்டால் பயம், இங்கிலீஷைக் கேட்டால் பயம். அங்கே ஆராய்ச்சி செய்யும் ஷெர்லி மேடத்திடம் மட்டும் கொஞ்சம் குறைவு. நாசரேத்துப் பெண், வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

மேடத்தின் மூன்று வருஷ உழைப்பு எட்டு எலிகளில் வந்து நின்றது. எட்டுக்கும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியை எடுத்தாயிற்று. அது போனால் உடம்பில் உப்பு தங்காது; உப்புத் தண்ணீர் கொடுத்தால்தான் உயிர் நிற்கும். அதில் ஆறு எலிகளுக்கு மட்டும், பிறக்காத குஞ்சுகளின் சுரப்பித் துணுக்கை எடுத்து ஒட்டு வைத்திருந்தார். ஒட்டுப் பிடித்தால் அந்த ஆறும் வெறும் தண்ணீரிலேயே பிழைக்கும். ஒட்டு வைக்காத இரண்டும் தாங்காது.

"திங்கக்கிழமையிலேருந்து எட்டுக்கும் நல்ல தண்ணி ஊத்துங்க அண்ணாச்சி" என்றார் மேடம்.

பத்து நாளாயிற்று. எட்டும் ஜம்மென்று ஓடித் திரிந்தன. மேடம் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒட்டு வச்சதும் பிழைச்சிருக்கு, வைக்காததும் பிழைச்சிருக்கு. அப்புறம் என் ஒட்டு எதுக்கு? எல்லாம் போச்சு. இன்னையோட நிறுத்திருதேன்."

கூண்டில் தண்ணீர் வைக்கும் பாட்டிலைக் கழுவப் போன வீரபாகு அதன் குழாய் முனையைப் பார்த்தார். வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பளத்துக்காரருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஐயோ, முருகா! கேன் தண்ணீர் வண்டி வராததால் வளாகத்து ஆழ்துளைக் கிணற்றின் போர் குழாயில் பிடித்து ஊற்றியிருந்தார். நாக்கில் விட்டுக்கூடப் பார்த்தார். நல்ல தண்ணீர் என்றுதான் நாக்கு சொன்னது. பிறந்ததிலிருந்து அது மாதிரி உப்புத் தண்ணீரில் காப்பி குடித்த நாக்கு வேறு என்ன சொல்லும்?

விரலால் தேய்த்தால் போய்விடும், யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். ஐம்பத்தைந்து வயதில் யார் சேர்ப்பார்கள்? ஒரு பாட்டிலைத் தேய்த்தும்விட்டார். அதற்குமேல் மனசு கேட்கவில்லை. பாட்டிலோடு மேடத்திடம் போனார்.

"மேடம், நா ஊத்துனது போர் தண்ணி. என் நாக்குக்கு அது உப்பாத் தெரியல. வேலைய விட்டுத் தூக்கிராதிய."

மேடம் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். "அட பாவி அண்ணாச்சி!" என்று சிரிப்பும் அழுகையுமாகக் கத்தினார். "கேன் தண்ணி மாத்துங்க. எட்டுக்கும் நீங்களே மாத்துங்க."

வேலை தப்பியது, பயம் தப்பவில்லை. ஒட்டில்லாத அந்த இரண்டும் இத்தனை நாள் அவர் செய்த தப்பில்தான் உயிரோடு இருந்தன. அவற்றின் பாட்டிலை நிரப்பும்போது பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது.

மூன்றாம் நாள் காலை கையுறையைக் கழற்றி, வேர்த்துக் கொட்டிய வெறுங்கையைக் கூண்டுகளுக்குள் நீட்டினார். ஆறும் மோந்து பார்த்துவிட்டுத் தீனிக்குத் திரும்பின. கடைசிக் கூண்டில் அந்த இரண்டும் தள்ளாடி வந்து உள்ளங்கை வேர்வையின் உப்பை ஆவலாக நக்கின.

"ஒட்டுப் பிடிச்சிட்டு மேடம். ஆறும் பிழைச்சிக்கிடும்" என்றார்.

மேடம் சந்தோஷத்தில் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். கையை எடுங்கள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, வீரபாகு அந்த இரண்டையும் நக்க விட்டபடி திரும்பாமலே நின்றார்.