மில்லுக்காரிக்கு நான் கொடுத்த பொறை

நெல் அவிக்கும் தொட்டியின் கொதிநீர் பட்டு மயிர் முளைக்காமல் போன அந்த முதுகுத் திட்டைத் தடவினால் விரலுக்கு வழுவழுவென்றிருக்கும். ஆரணியில் எங்கள் தெருக்கோடி ரைஸ் மில்லின் வாய்க்காலோரம் கிடந்த நாய்க்குட்டியை அக்காதான் பாவாடையில் சுருட்டிக் கொண்டுவந்தாள். அதனால் எங்கள் வீட்டில் அதன் பெயர் "மில்லுக்காரி".

வளர்ந்ததும் வீட்டுக்கு யார் வந்தாலும் பல்லைக் காட்டிப் பாய்ந்தாள். அப்பாவின் தறிக்குப் பாவு கொண்டுவருபவர் தெருவிலேயே நின்று, "இன்னா நைனா, உங்க வூட்ல நுழையணும்னா மில்லுக்காரியாண்ட டிக்கெட் வாங்கணுமா?" என்பார். "இன்னும் ஒருத்தர் மேல பல்லு பட்டுச்சின்னா அது இங்க இருக்காது" என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். பிறகு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வருபவர் வாசலில் நிற்க வேண்டும், அக்கா கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், உறுமல் நின்ற பிறகுதான் டீக்கடையில் "பொறை" என்று விற்கும் காய்ந்த ரொட்டியில் ஒரு துண்டை வந்தவர் தம் கையால் போட வேண்டும். "அடங்கினாத்தான் துன்னக் குடுக்கணும். உறுமறப்போ குடுத்தா இன்னும் உறுமும்" என்பார். இரண்டு மாதத்தில் தபால்காரருக்கே வாலாட்டினாள்.

கணக்கு வாத்தியாருக்கு மட்டும் அடங்கவில்லை. காரணம் நான். மாலையில் அவர் டியூஷனுக்கு வருவது எனக்குப் பிடிக்காததால், அவர் செருப்புச் சத்தத்துக்கு அவள் உறுமியபோதெல்லாம் சட்டைப்பையில் ஒளித்திருந்த பொறையை யாரும் பார்க்காமல் அவள் வாயில் வைத்தேன். "உன் நாய்க்கும் கணக்கு ஏறலைபோலடா" என்று அவர் சிரித்தார்.

ஒருநாள் அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்; கயிறு என் கையில். மில்லுக்காரி உறுமினாள், பொறையைக் கொடுத்தேன். அவர் படியேறியதும் கெண்டைக்காலைக் கவ்விவிட்டாள். கயிறு கைநழுவியது என்று எல்லோரிடமும் சொன்னேன். நழுவவில்லை, விட்டேன்.

தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ள அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். மறுநாள் அப்பா, சேத்துப்பட்டுப் பக்கம் போன தவிட்டு லாரியில் மில்லுக்காரியை ஏற்றினார். "சும்மா கடிக்க மாட்டாடா. அவரு இன்னா செஞ்சாரு, நீ பாத்தியா?" என்று லாரி கிளம்பும்வரை அக்கா கேட்டுக்கொண்டேயிருந்தாள். "தெரியாதுக்கா" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா என்னை அடித்திருப்பார், நாய் இருந்திருக்கும். வாத்தியார்தான் எட்டி உதைத்திருப்பார் என்று அக்கா தானாக முடிவுகட்டி, தெருவெல்லாம் சொன்னாள். அதன்பின் எங்கள் தெருவில் யாரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அவரைக் கூப்பிடவில்லை.

அக்கா கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டாள். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை பஸ் ஏறினேன்; மூன்று முறையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். போன ஆடியில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. வெளியே நின்று குரல் கொடுப்பவர் யாருமில்லை, எல்லா வீட்டிலும் அழைப்பு மணி. வாத்தியாரின் மகன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். காலையில் பால் வாங்கப் போகும்போது எதிரில் வந்தால், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறார். நன்றாக இருக்கிறேன் என்கிறேன்.