ரிலீவர் வரும் வரை

லைனில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: ஷிஃப்ட் முடிந்து மணி அடித்தாலும், அடுத்த ஷிஃப்டுக்கு வரும் ரிலீவர் வந்து, மெஷினில் என்ன கோளாறு, எது பாதியில் நிற்கிறது என்று நம் வாயால் கேட்டுக்கொள்ளும் வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் பதினாறு வருடம் நின்றவள் நான். என் ரிலீவர் ஒரு நாளாவது நேரத்துக்கு வருகிறாளா என்று பதினாறு வருடமும் புலம்பியே தீர்த்தேன். அதைப் பெரிய குறை என்று அப்போது நினைத்திருந்தேன். என்னைப் போலவே ‘இது குணமாகாது’ என்று கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி இறங்கியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் ஆறுதல் சொல்லக் கூடாது.

ரீவொர்க்

மார்பில் வந்த கேன்சர் எலும்புக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். மருந்து கொடுத்துக் கட்டுக்குள் வைத்திருக்கலாம், முழுசாகக் குணப்படுத்த முடியாது என்றார். எங்கள் லைனில் ஒயரை மாற்றிச் சொருகிவிட்டால் பிரித்துத் திரும்பச் செய்வோம், அதற்கு ரீவொர்க் என்று பெயர். அந்த நேரத்தில் என் வாயில் அதுதான் வந்தது. “ரீவொர்க் பண்ண முடியாதா சார்?” என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு முறை பொறுமையாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் வெளியே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியை விழுங்கிவிட்டேன். “மருந்து சாப்பிட்டா கட்டுப்படும்னாரு” என்றேன். அது பொய்யில்லை, உண்மையும் இல்லை. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “தை பொறந்ததும் வல்லக்கோட்டைக்கு நடந்தே வரேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கினு இருந்தேன், கேட்டுட்டான் பாரு!” என்றார்.

ஆளுக்கொரு வைத்தியம்

லைனில் எல்லோருமே தலைக்குத் துணித்தொப்பி போட்டிருப்போம். அதனால் கீமோவில் முடி கொட்டியது ஒரு மாதம் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகு எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். சூப்பர்வைசர் நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஒருத்தி முள்சீத்தா இலை கொண்டுவந்தாள், ஒருத்தி யாரோ கொடுத்த சூரணம் கொண்டுவந்தாள். ஆனால் முன்னைப்போல் என்னோடு சண்டை போட ஆளில்லை. நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் நான் தனியாக இருந்தேன்.

ஒரு நாள் பக்கத்து டேபிள் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கவலப்படாதீங்கக்கா, சரியாயிடும். எங்க மாமாவுக்கே சரியாயிடுச்சு” என்றாள். அவருக்கு எந்த இடத்தில் வந்தது என்று ஆவலோடு கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அவருக்கு மஞ்சக்காமாலைக்கா.”

பிளாஸ்டிக் தம்ளர்

உங்களுக்குத் தெரிந்திருக்கும், கீமோ ஏறினால் வாய் கெட்டுவிடும். எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் குடித்தால் பழைய ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கும். நான் பையில் ஒரு பிளாஸ்டிக் தம்ளர் வைத்துக்கொண்டு, கேன்டீன் மோரை அதில் ஊற்றிக் குடிப்பேன். யாரும் அதைக் கவனித்ததில்லை. மோர் ஊற்றுகிற அந்தோணியம்மாள் அக்கா மட்டும் ஒரு நாள் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு என் தம்ளரைப் பார்த்தார்.

ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், மண்ணூர்க்காரர், அதிகம் பேச மாட்டார். மேடைக்குக் கீழே கைவிட்டுத் தன் தம்ளரை எடுத்துக் காட்டினார். அதுவும் பிளாஸ்டிக். பின்னால் வரிசை நெருக்க, அவர் மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் எலும்புல கீது. மூணு வருசமாச்சு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வூட்டுக்கு வா, நம்மள மாதிரி நாலு பேரு வருவாங்க.”

மண்ணூர் வீடு

அந்த வீட்டில் ஒரே ஒரு விதி. ‘சரியாயிடும்’ என்று யார் சொன்னாலும் அன்றைக்கு எல்லா டீத் தம்ளரையும் அவர்தான் கழுவ வேண்டும். அங்கேதான் இசக்கியைப் பார்த்தேன். தென்காசிப் பக்கத்து ஆள், சேரப்பணஞ்சேரியில் ரூம் எடுத்துத் தங்கி பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். குடலில் தொடங்கி ஈரலுக்குப் போயிருந்தது. நான் உட்கார்ந்ததுமே ஷிஃப்ட் ஒப்படைக்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டார். “ஊசி ஏற ஏற காலு மரத்துப் போவும்க்கா. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாது. வார் வச்ச செருப்பா வாங்கிக்கிடுங்க” என்றார். எந்த டாக்டரும் எனக்குச் செருப்பைப் பற்றிச் சொன்னதில்லை.

என் முறை வந்தது. டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது, நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. “எனக்குக் குணமாகாது” என்றேன். யாரும் உச்சுக் கொட்டவில்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. அந்தோணியம்மாள் அக்கா தலையாட்டிக்கொண்டே அடுப்புப் பக்கம் திரும்பி, “சரி, டீக்கு சக்கர போடலாமா, வோணாமா?” என்று கேட்டார்.

வீட்டுக்காரர்

நாலைந்து ஞாயிறு போன பிறகு இசக்கி கேட்டார். “அண்ணாச்சிட்ட இன்னும் சொல்லலையாக்கா? எங்க எல்லாருக்கும் தெரியுது, அவுக மட்டும் ஒண்ணும் தெரியாம நிக்காவ. பாவம்லா?” எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. “மண்ணூர்ல கீறவங்களுக்கெல்லாம் தெரியும், கூடவே கெடக்கிற எனக்குத் தெரியக் கூடாதா?” என்று கத்தினார். சாத்திய கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவரே வண்டியை எடுத்து என்னை மண்ணூரில் இறக்கிவிட்டு, வாசலில் வண்டியோடு நின்றுகொண்டார். அக்கா உள்ளே கூப்பிட்டார். இவர் வந்து உட்கார்ந்ததும் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார், கண் கலங்கியது. “ஒண்ணும் கவலப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்” என்றார். இசக்கி சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். அந்தோணியம்மாள் அக்கா கையை நீட்டிக் காட்டினார்: “தம்பி, கொழா பின்னாடி கீது. கழுவிட்டு வாங்க.”

கடைசி ஷிஃப்ட்

போன மாதம் அக்கா படுத்த படுக்கையாகிவிட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கூடுவதை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். கட்டிலை ஒட்டியே உட்கார்ந்தோம். அன்றைக்குத் தேன்மொழி என்ற பெண் புதிதாக வந்திருந்தாள், பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் செய்கிறவள். வாயைத் திறந்தாலே அழுகை வந்தது. நான் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், அழுது முடியும் வரை இருந்து, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பின்னால் என் வீட்டுக்காரர் தம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. அவர் இப்போதெல்லாம் தப்பாக ஒன்றும் சொல்வதில்லை, சும்மாவே கழுவுகிறார்.

திரும்பி வந்ததும் அக்கா கண்ணைத் திறந்து கணக்காகக் கேட்டார். “காலு மரத்துப்போறத சொன்னியா?” சொன்னேன் என்றேன். “வாய் கெடுறத?” பிளாஸ்டிக் தம்ளரே கொடுத்துவிட்டேன் என்றேன். “வூட்டுல சொல்லச் சொன்னியா?” அதை முதலில் சொன்னேன் என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் மட்டும் ஷிஃப்ட் முடிந்தவர் மாதிரி தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “அப்ப சரி மல்லிகா. எல்லாத்தையும் உங்கிட்ட சொல்லிட்டேன், இனிமே நான் கெளம்பலாம்.”

பதினாறு வருடம் ரிலீவர் தாமதமாக வருகிறாள் என்று புலம்பியவள் இப்போது எழுதிக் கொடுக்கிறேன்: எனக்கு அடுத்து வரப்போகிறவள் எவ்வளவு தாமதமாக வந்தாலும் சரி, நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.