டாக்டர் மூன்று முறை கேட்ட கேள்வி

இன்று மதியம் என் மூன்று வயது மகள் இருமி இருமி வாந்தி எடுத்தாள். ஷேர் ஆட்டோ பிடித்து, குழந்தைகள் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா அவள் வாயை முகர்ந்து பார்த்தார். "ஏதோ வாடை வருதே. வீட்ல மண்ணெண்ணெய், பெயின்ட் ஏதாச்சும் இருக்கா?"

"எங்க ஊட்ல அதெல்லாம் இல்ல மேடம். என் கண்ணு முன்னாடிதான் ஆடிக்கினு இருந்துச்சு."

மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் முறை எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"இன்னா மேடம், போலீசு மாதிரி கேக்கறீங்க? அதான் எங்க ஊட்ல இல்லன்னு சொல்றேனே!"

சாதாரண வாந்தியைப் பெரிதாக்கி அட்மிஷன் போடப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் கும்மிடிப்பூண்டியிலிருந்து கம்பெனி யூனிபார்மோடு ஓடிவந்தார் வீட்டுக்காரர். அவரிடமும் அதையே கேட்டார்கள்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கை கிரீஸு போறதுக்கு கம்பெனியிலேர்ந்து கொஞ்சம் தின்னர், பெயின்ட்ல கலக்குறது, எடுத்தாந்தேன் மேடம். ஜூஸ் பாட்டில்ல ஊத்தி பாத்ரூம்ல வெச்சிருந்தேன்."

மகளுக்கு இப்போது மூச்சு சீராக இருக்கிறது. நாளை வரை இங்கேதான் வைத்துப் பார்ப்பார்களாம். அப்பாவிடம் ஜூஸ் கேட்கிறாள்.

உங்கள் வீட்டிலும் கம்பெனிக்குப் போகிறவர் இருந்தால், எழுந்துபோய் எல்லா பாட்டிலையும் முகர்ந்து பார்த்துவிட்டு வந்து கமெண்ட் போடுங்கள். பார்க்காமலே "எங்க ஊட்ல அதெல்லாம் இல்ல" என்று மட்டும் எழுதாதீர்கள். நானும் அதைத்தான் மூன்று முறை சொன்னேன்.