இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு

நியூசிலாந்தின் மனுகாவில் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் ஜூலியன், கத்தோலிக்கத் தமிழ்ப் பூசைக்குக் கிட்டார் வாசிக்கிறவர். வாழ்நாளில் அவர் இயற்றியது ஒரே ஒரு பாட்டு. அதையும் அவர் இயற்றவில்லை.

எழுபதுகளில், வெவ்வேறு இசைக்குழுக்களில் பேரெடுத்த நாலு வெள்ளைக்காரர் ஒன்றுகூடி புளூஸ் ராக்கில் ஓர் இசைத்தட்டுப் போட்டார்கள். முதல் தட்டே கடைசித் தட்டும் ஆயிற்று. நாலு பேருமே தலைவர்கள் என்றால் வேறென்ன நடக்கும்? உலகம் அதை மறந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அதைத் தேயத் தேயக் கேட்ட ஜூலியன் மறக்கவில்லை. ஆக்லாந்துக்கு வந்தபின், அதன் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு மெட்டில், பூசையில் நற்கருணை அப்பமாகிய நன்மை எடுக்கும் நேரத்துக்கு ஒரு பாட்டு எழுதினார். மூலத்தில் குடித்துவிட்டு வந்தவன் 'கதவைப் பூட்டிவிடாதே' என்று மனைவியைக் கெஞ்சுவான். ஜூலியன் மனைவியை எடுத்துவிட்டு ஆண்டவரை வைத்தார். கதவை அப்படியே விட்டார்.

யாருக்கும் தெரியாத தட்டு என்பதால்தான் துணிந்தார். யாருக்கும் தெரியவில்லையே என்ற ஆதங்கத்தில்தான் எடுத்தார். இரண்டும் உண்மை. இரண்டும் சேர்ந்தும் மனச்சாட்சிக்குப் போதவில்லை. சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொறாமை, வேலைக்குப் போகாமலிருக்கச் சொன்ன பொய்க் காய்ச்சல் எல்லாம் சொல்லுவார். இதை மட்டும் விழுங்கிவிடுவார். சுவாமியார் பாட்டை விட்டுவிடச் சொன்னால்?

விட முடியாதபடி அது, அதே பூசைக்கு வரும் இமெல்டா அக்காவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. மன்னார்க்காரரான அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில், அக்கா அவர் காதருகே பாடியது அதைத்தான்.

தொண்ணூற்றாறில் அக்காவின் மகள் பிரியந்திக்கு கிளென்ஃபீல்ட் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை வெள்ளைக்காரப் பெடியன். ஜூலியன் அந்தப் பாட்டை எடுத்தபோது, மாப்பிள்ளையின் தகப்பன் ராஸ் முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டார். அதில் ஒன்றுமில்லை. ஆனால் மெட்டு சட்டென்று நின்று தொடரும் இடம் வந்தபோது, அவருடைய கையும் சரியாக நின்றது. முதல் தடவை கேட்கிறவனின் கை அப்படி நிற்காது.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ராஸ் நேரே வந்தார். பக்கத்தில் இமெல்டா அக்கா. அக்காவுக்கு ஆங்கிலம் வராது. பிரியந்தி படம் எடுக்கப் போயிருந்தாள்.

"அந்தத் தட்டை வாங்கியது உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேனே!" என்று ராஸ் ஆங்கிலத்தில் ஆர்ப்பரித்து, ஜூலியனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னவாம் தம்பி?"

"பாட்டு நல்லாயிருக்காம் அக்கா."

"இந்தக் குலுக்குக் குலுக்கிறார், அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். அவையள் அப்பிடித்தான்."

அக்காவின் கண் கலங்கியது. "என்ர மனுசன் இதைக் கேட்டபடிதான் கண்ணை மூடினவர் எண்டு அவருக்குச் சொல்லும். ஆண்டவர் உமக்கெண்டு தந்த பாட்டு எண்டும் சொல்லும்."

ஜூலியன் முதல் பாதியைச் சொன்னார். இரண்டாம் பாதியை விட்டுவிட்டார். ராஸ் அக்காவைப் பார்த்தார், ஜூலியனைப் பார்த்தார்; குலுக்கல் நின்றது.

"அந்தத் தட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதா?" என்று மெல்லக் கேட்டார்.

ஜூலியன் இல்லையென்று தலையாட்டினார்.

ராஸ் அக்காவின் பக்கம் குனிந்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் உரக்க, "பியூட்டிஃபுல் சாங்," என்றார். பிறகு ஜூலியனைச் சுட்டிக்காட்டி, "ஹிஸ் சாங்."

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்தத் தட்டை நேசித்த மற்ற ஒரே மனிதரையும், மகன் கல்யாணத்தன்று, கோயில் வாசலில் வைத்துப் பொய் சொல்ல வைத்தாயிற்று.

"பாரும் தம்பி, வெள்ளைக்காரனுக்கே விளங்கீட்டுது," என்றார் அக்கா.

"ஓம் அக்கா."

ராஸ் தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.