மழைத்தண்ணீர் கேட்ட ஓர்க்கிட்

எங்கள் கொக்குவில் வளவுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. ஒழுங்கையில் பாதி வீடுகள் குடிக்க அள்ளுவது அதில்தான். "தேன் மாதிரித் தண்ணி" என்று யாராவது சொன்னால், கிணற்றை நானே வெட்டியதுபோல எனக்கு நெஞ்சு நிமிரும். வெட்டியது என் அப்புவின் தகப்பன்.

எழுபதுகளின் நடுவில் கண்டித் தபால் கந்தோரிலிருந்து மாற்றலாகி நாங்கள் ஊருக்கு வந்தபோது, மனைவி ஓர்க்கிட் செடி ஒன்றை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். தேங்காய் மட்டையில் கட்டிய செடி. மண் கிடையாது, வேர்கள் வெளியில் தொங்கின. "உதென்ன, வழியிலை பிடுங்கின புல்லோ?" என்று கேலி செய்தேன். அவள் அதை மாமரத்தின் தாழ்ந்த கிளையில், வெயில் நேரே படாத இடம் பார்த்துத் தொங்கவிட்டாள்.

வந்த கிழமையே கேட்டாள். "இஞ்சருங்கோ, கூரைத் தண்ணி விழுற பீலிக்குக் கீழை ஒரு பீப்பா வைச்சுத் தாங்கோவன். உதுக்கு மழைத்தண்ணிதான் ஒத்துவரும்."

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. "ஊரே வந்து அள்ளுற தண்ணி உம்மடை புல்லுக்குக் காணாதோ?"

அவள் மாரியில் முற்றம் முழுக்கச் சட்டி பானை பரப்பி மழையைப் பிடித்து, பெரிய சாடி ஒன்றில் துணி கட்டிச் சேமித்தாள். காலையில் மட்டும் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு. சாம்பல் நிற வேர் நனைந்து பச்சையானால் நிறுத்திவிடுவாள். நான் பார்த்துச் சிரிப்பேன். மூன்று வருடம் இலைதான் வந்தது. நாலாம் வருடம் இலையடியில் பூந்தண்டு ஒன்று தலை நீட்டிய கிழமைதான், அவள் வயிற்று வருத்தத்தோடு மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது.

"சாடியிலை தண்ணி கிடக்கு. காலமை ஒரு சிரட்டை, அவ்வளவுதான். பூக்கேக்கை நான் பாக்கவேணும்," என்றாள், காரில் ஏறும்போது.

பத்து நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தோம். சாடி வற்றியது, அவள் வரவில்லை. மழைக்கு இன்னும் மாதங்கள் கிடந்தன. நான் கிணற்றடிக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் தண்ணீரில் பூக்கவைத்து அவளுக்குக் காட்டவேண்டும் என்ற வீறாப்பு. காலையும் பின்னேரமும் வாளி வாளியாக ஊற்றினேன். புகையிலைக்கு இறைத்து வளர்ந்தவன் நான். செடிக்கு அன்பு காட்ட எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

வேர்களில் வெள்ளையாக ஏதோ படியத் தொடங்கியது. எங்கள் கேத்தலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு. தினம் அதில் தேத்தண்ணீர் போட்டுக் குடிக்கிற எனக்கு அது உறைக்கவில்லை. பூந்தண்டு மஞ்சளாகி, ஒரு காலை கையோடு கழன்று வந்தது.

அன்று சைக்கிளில் மானிப்பாய் போய், "மூண்டு மொட்டு வந்திருக்கு" என்றேன். அடுத்த முறை ஐந்து என்றேன். அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டு ஏழு வரைக்கும் போனேன்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டொக்டர் சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கும் விளங்கியிருக்கும். வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கியதும் மாமரத்தடிக்குத்தான் கையைக் காட்டினாள். நானும் கார்க்காரரும் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு போனோம்.

கறுத்துப்போன இலைகளைப் பார்த்தாள். வேரிலிருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினாள். நான் ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

"கிணத்துத் தண்ணியோ?"

"ஓம்."

நகத்தில் ஒட்டிய வெள்ளையைச் சேலையில் துடைத்தாள். பிறகு, "எனக்கும் அதிலை ஒரு வாய் அள்ளித் தாங்கோ. மருந்து குடிச்சுக் குடிச்சு நாக்குச் செத்துப்போச்சு," என்றாள்.

அள்ளிக் கொடுத்தேன். பாதி அவள் சேலையில் சிந்தியது. குடித்துவிட்டு, "நல்ல தண்ணி," என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் வாயால் கேட்க எத்தனை வருடம் ஆசைப்பட்டிருப்பேன். அன்றைக்கு அதைக் கேட்டு, கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து அழுதேன்.

மாரிக்கு முன்னமே அவள் போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, பீலிக்குக் கீழே ஒரு பீப்பா வைத்தேன். மழை தொடங்கி நாலைந்து நாளில் நிறைந்து வழிந்தது. அவளுடைய சிரட்டையால் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். ஒரு சுவையும் இல்லை. இதைத்தான் அவள் என்னிடம் கேட்டாள். வானத்திலிருந்து சும்மா விழுகிற தண்ணீரை.