பளபளத்த குண்டான்

சம்பூர்ணத்தைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. நடவு வயலில் பாம்பைக் கண்டு மற்றப் பெண்கள் வரப்பில் ஏறி அலறும்போது, அவள் பாட்டுக்கு நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடி அது போகட்டும் என்று நிற்பாள். அப்படிப்பட்டவளே, அந்த ஆவணியில் ஒருநாள் காலை புருஷன் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது இரண்டடி பின்வாங்கினாள். அப்பாவுவின் கண்ணில் வெள்ளை இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. கவரப்பேட்டைப் பக்கத்துக் காலனியில் அப்பாவுதான் முதன்முதலாக ஏரை விட்டுவிட்டு இரும்புப் பட்டறை வேலைக்குப் போனவன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறிப் போவான். முதல் சம்பளத்தில் பொன்னேரிச் சந்தையிலிருந்து ஒரு பழைய பித்தளைக் குண்டான் வாங்கி வந்து, ஏதோ கோட்டையைப் பிடித்தவன்போல அதை நடுவீட்டில் வைத்தான். காலனியில் எல்லார் வீட்டிலும் மண்சட்டியும் அலுமினியமும்தான்.

"நம்ம ஊட்லயும் பித்தள கீதுன்னு நாலு பேரு பாக்கட்டும்மே" என்றான்.

நாலு பேர் பார்க்கிற நிலையில் அது இல்லை. வெளியே கறுத்துக் கிடந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. கழுவத் தெரியாதவள் எவளோ ஆண்ட பாத்திரம் என்று சம்பூர்ணத்துக்கு ஒரே அருவருப்பு. புளியும் செங்கல் தூளும் போட்டு, தேங்காய் நாரால், தோள்பட்டை விட்டுப்போகிற அளவுக்குத் தினமும் தேய்த்தாள். சனியன் பிடித்த அந்த அழுக்கு லேசில் போவேனா என்றது. அவளும் விடவில்லை. கடைசியில் உள்ளும் புறமும் ஒன்றுபோலப் பளபளத்தது. அப்புறம் அதில் சமைக்கவே மனசு வராமல், சாமி படத்துக்குக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டாள்.

இப்போது காமாலை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் வாயெடுத்ததுமே பக்கத்து வீட்டு முத்தம்மா பதறினாள். "காமாலைக்கு ஊசி போட்டா ஆளு தங்க மாட்டாம்மே! கீழாநெல்லிய வேரோட அரைச்சி, மோர்ல ஊற வெச்சி, காலீல வெறும் வயித்துல குடு. அது போதும்."

ஊசி போட்டால் செத்துப்போவான் என்ற பயத்தில் சம்பூர்ணம் வரப்பு வரப்பாக ஓடிக் கீழாநெல்லி பிடுங்கி வந்தாள். வேரைக் கழுவி, அம்மியில் மைபோல அரைத்தாள். நன்றாகப் புளித்த மோரில் கலக்கினாள். மருந்தாயிற்றே, நசுங்கிப்போன அலுமினியத்திலா வைப்பது? சாமி படத்துக்குக் கீழே இருந்த குண்டானை எடுத்து, அதில் ஊற்றி மூடினாள். இருக்கிறதிலேயே சுத்தமான பாத்திரம் அதுதானே.

மறுநாள் காலையில் குடித்துவிட்டு அப்பாவு முகத்தைச் சுளித்தான். "துருவ நக்குன மாரி கீதுமே."

"நாளெல்லாம் இரும்புல பொழங்குனா வாயும் அப்பிடித்தான் இருக்கும். குடி" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவ்வளவையும் வாந்தி எடுத்தான். பச்சையாக வந்தது. பச்சிலை பச்சையாகத்தானே வரும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். முத்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பித்தம் வெளிய வருது. நல்லதுதான். இன்னும் கொஞ்சம் சேத்துக் குடு" என்று சொல்லிப் போனாள்.

சேர்த்துக் கொடுத்தாள். இன்னும் வாந்தி எடுத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். பேதியும் சேர்ந்துகொண்டது. பித்தம் இவ்வளவு இருக்கிறதே என்று பயந்து, அடுத்த நாளைக்கு இரண்டு பிடி அதிகமாக அரைத்துக் குண்டான் நிறைய ஊறவைத்தாள். அவன் வாந்தி எடுக்க எடுக்க இவளுக்குப் பயம். பயம் ஏற ஏற அவன் வாயில் இன்னொரு டம்ளர். அவன் தலையைத் திருப்பிக்கொண்டால் தாடையைப் பிடித்து ஊற்றினாள். ஊற்றும்போது அழுதாள். தாலிக்கயிற்றை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடுப்பில் விறகை வைத்துவிட்டு ஊதக்கூட மறந்து, அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

சேதி போய், பொன்னேரியிலிருந்து அப்பாவுவின் அக்கா கெங்கம்மாள் வந்துவிட்டாள். அங்கே ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். வாயும் பெரிசு. தம்பி கிழிந்த துணியாகக் கிடப்பதைப் பார்த்ததும் பையை நின்ற இடத்திலேயே போட்டாள்.

"எந்தம்பிக்கு இன்னாமே குடுத்த?"

"மருந்துதான் அண்ணி."

"மருந்து குடுத்தியா, மருந்து வெச்சியா?"

கேட்டுவிட்டாள். வாசலில் நாலு பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்து கொடுப்பது பெண்டாட்டி செய்கிற வேலை. மருந்து வைப்பது கொலைகாரி செய்கிற வேலை. சம்பூர்ணத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நல்ல மருந்துன்னா நீ குடி பாக்கலாம்" என்றாள் கெங்கம்மாள்.

"குடிக்கிறேன். இதோ பாரு." குண்டானைச் சாய்த்து, டம்ளர் வழிய ஊற்றி, ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரை நாத்தனார் காலடியில் கவிழ்த்தாள். நாக்கில் ஏதோ கரித்தது. துரு. துருவேதான். அவன் சொன்ன அதே ருசி.

நாத்தனாரை நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிந்ததுபோல இருந்தது. வாசலுக்கு ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். பச்சை.

அவளுக்குக் காமாலை இல்லை, பித்தமும் இல்லை. பின்னே இது என்ன? அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. ஐயோ, இவ்வளவு நாளும் தாடையைப் பிடித்து ஊற்றினேனே என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கெங்கம்மாளின் கோபம் எங்கோ போய்விட்டது. குண்டானைத் தூக்கி, மிச்சத்தைக் கொட்டிவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உள்ளே விரலை ஓட்டினாள்.

"ஏமே, உள்ள ஈயம் எங்க?"

"இன்னா ஈயம்?"

"வெள்ளையா பூசியிருப்பாங்களே."

சம்பூர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். "அது அழுக்கு அண்ணி. நான்தான் தேச்சித் தேச்சி எடுத்துட்டேன்."

கெங்கம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அடிப் பாவி. ஈயம் போன பித்தளைல புளிக்கொழம்பக்கூட எங்க ஊட்டம்மா வெக்க உடமாட்டாங்க. புளிப்பு பட்டா பித்தள பச்சையா களிம்பு கக்கும், அது வெஷம்மே. நீ புளிச்ச மோர ஊத்தி வெச்சிருக்கிறியே." மோர் நின்ற மட்டத்தில் பச்சையாக ஒரு வளையம் இருந்தது. இலைச் சாயம் என்று சம்பூர்ணம் தினமும் கழுவி எடுத்த வளையம்.

அதற்குப் பிறகு ஊசிப் பயமாவது ஒன்றாவது. மாட்டுவண்டி கட்டிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். குண்டானையும் சம்பூர்ணம் மடியில் வைத்துக்கொண்டே போனாள். டாக்டர் திட்டினால் திட்டட்டும், போலீசில் கொடுத்தால் கொடுக்கட்டும், அவன் பிழைத்தால் போதும். இலை, மோர், புளி, செங்கல் தூள், ஒன்றையும் மறைக்காமல் அழுதுகொண்டே சொன்னாள்.

டாக்டர் குண்டானைத் திருப்பிப் பார்த்தார். "மறைக்காம சொன்னீங்களே, அதுவே பெரிசு. வீட்டுல ஜூஸோ பச்சிலையோ எது குடுத்தாலும் எங்ககிட்ட சொல்லணும். ஒத்துக்காம வாந்தி எடுத்தா நிறுத்தணும், மேல மேல ஊத்தக் கூடாது. கண்ணு மஞ்சளானதுமே வந்திருக்கணும்மா."

"பொழைப்பாரா சாமி?"

"பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் அந்த வராந்தாவில் கிடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கெங்கம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு வந்தால் பாதியைப் பிரித்து இவள் பக்கம் தள்ளினாள்.

அப்பாவு பிழைத்துக்கொண்டான். கண் வெளுக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. கஞ்சியும் சாத்துக்குடிச் சாறும் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

வந்த அன்று சம்பூர்ணம் கண்ணாடி டம்ளர் ஒன்றை இரவல் வாங்கினாள். வெந்நீரில் கழுவினாள். சாத்துக்குடியைப் பிழிந்து, கொதித்து ஆறிய தண்ணீர் கலந்தாள். அவனிடம் கொண்டுபோனவள் கொடுக்காமல், தானே இரண்டு மடக்குக் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, வயிற்றில் கையை வைத்தபடி அவன் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் கையை நீட்டினான். "குடுமே, நாக்கு வறளுது."

"கொஞ்சம் பொறு."

"எனுக்குத்தான் ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரே."

"உனுக்கு ஆவாதுய்யா" என்றாள் சம்பூர்ணம். "எனுக்கு ஆவுதான்னு பாத்துகினு கீறேன்."

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான்.