350 சிசி வண்டியும் பேரையூர் வளைகாப்பும்

பழைய இரட்டைச் சிலிண்டர் வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, ஜோடியாக ஊர் சுற்ற நினைக்கும் இரண்டு மூன்று தம்பிகள் என்னிடம் யோசனை கேட்டார்கள். ஆளுக்கு ஆள் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம். நான் அப்படி ஒன்றைப் புதிதாக வாங்கியது 1984 தை மாதம். அதில் என்னென்ன மாற்றினேன், எதை முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கதை.

அப்போது மதுரை பழங்காநத்தத்தில் குடியிருந்தோம். எனக்கு விவசாயக் கிணறுகளுக்கு மோட்டார் பம்பு விற்கும் வேலை. ஒரு மொபெட்டில் கிராமம் கிராமமாகச் சுற்றுவேன். மனைவி மங்கையர்க்கரசி, சுருக்கமாக மங்கை, டைப்ரைட்டிங் சொல்லித்தரும் டீச்சர். அவள் பிறந்த ஊர் பேரையூர், எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் மங்கைக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. திருமங்கலம் தாண்டும்போது முகம் வெளுக்கும், கல்லுப்பட்டிக்குள் வாந்தி வந்துவிடும். பிறந்த வீட்டுக்குப் போனால் அன்று முழுக்கப் படுக்கைதான். முந்தின வருடம் அவளுடைய தங்கைக்குத் தாலி ஏறியபோது இவள் பின்கட்டில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். மேளச் சத்தத்தை வைத்துத்தான் கல்யாணம் முடிந்ததைத் தெரிந்துகொண்டாள்.

அந்தத் தங்கைக்கு மாசியில் வளைகாப்பு வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

"அன்னைக்கும் நான் படுத்துத்தான் கெடக்கணுமா?" என்று மங்கை கேட்டாள். சண்டை போடும் குரலில் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

டீசல் வாடைதான் அவளுக்கு ஆகவில்லை என்பது எங்கள் இரு வீட்டாரின் முடிவு. அப்படியானால் பஸ்ஸே வேண்டாம், வண்டி வாங்கிவிடலாம் என்று நான் அறிவித்தேன். ஜப்பான்காரன் வடிவமைத்து நம் நாட்டில் செய்த 350 சிசி மோட்டார் சைக்கிள், இரண்டு சிலிண்டர், ஆறு கியர். பேரையூர் போக அதில் பாதி வண்டி போதுமே என்று நீங்கள் கேட்கலாம். மாமனாரும் கேட்டார். மங்கையின் வயிற்றைச் சாக்கு வைத்து என் ஆசையைத் தீர்த்துக்கொண்டேன் என்பது ஊருக்கே தெரியும்.

முதல் நாள் தனியாக எடுத்துப் போனேன். ஷோரூம் மெக்கானிக் சாவியைக் கொடுக்கும்போதே, "மொதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அறுபதத் தாண்டாதீங்கண்ணே. எஞ்சின் சுத்தைக் காட்டுற முள்ளு ஆறாயிரத்துக்குப் போனா கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றார். திருநகர் வரை நல்ல பிள்ளையாகப் போனேன். அதைத் தாண்டியதும் சாலை காலியாகக் கிடந்தது. ஆக்சிலேட்டரை மொபெட்டில் திருகுவது போலத் திருகினேன். ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நொடி கையிரண்டும் முன்னால் இழுபட்டன, உடம்பு பின்னால் நின்றது, வாயில் இருந்த வெற்றிலை உள்ளே போய்விட்டது. முன்னால் போன லாரி எப்போது பின்னால் போனது என்று எனக்குத் தெரியாது. கப்பலூரில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கைப்பிடி தாழ்வு, அரை மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். அந்த வேகத்துக்கு பிரேக் போதாது, நான்கு தென்னை மர தூரம் முன்பே யோசித்துப் பிடிக்க வேண்டும். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர்தான் கொடுத்தது. பெட்ரோல் பங்க்காரர் என்னை அண்ணே என்று அழைக்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மங்கையை ஏற்றிக்கொண்டு பேரையூருக்கு ஒத்திகை புறப்பட்டேன். நீல நிறத்தில் வெள்ளைப் பூப்போட்ட நைலெக்ஸ் சேலை, ஒரு பக்கமாக உட்கார்ந்து என் தோளில் ஒரு கை. கப்பலூர் வரை பிரமாதம். திருமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓடும்போது காற்று சேலையைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. வண்டி நின்றதும் கொசுவம் அப்படியே கீழே இறங்கியது.

"அண்ணே, அக்கா சேல பொசுங்குது" என்றார் பக்கத்தில் சைக்கிளில் நின்றவர்.

நாங்கள் பார்த்துப் பழகிய வண்டிகளில் எல்லாம் ஒரு சிலிண்டர்தான், சைலன்சர் வலது பக்கம் இருக்கும். அதனால்தான் பெண்கள் இடது பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்காருகிறார்கள். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு சைலன்சர், இடது பக்கமும் ஒன்று கொதிக்கும். வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்த இரண்டாவது சைலன்சரைத் துணி போட்டுத் துடைத்துப் பளபளக்க வைத்தவன் நான். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நல்லவேளை, காலில் படவில்லை. சேலையில் கையகலத்துக்கு ஓட்டை, சைலன்சரில் ஒரு வெள்ளைப் பூ உருகி ஒட்டியிருந்தது. கேட் திறந்ததும் வீட்டுக்குத் திரும்பினோம். தலை கிறுகிறுக்கிறது என்றாள் மங்கை. பயந்த கிறுகிறுப்பு என்று இருவரும் நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த பாண்டியிடம் போனேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். எதையும் செய்து தருகிறேன் என்பான், முதல் தடவை சரியாக வராது.

"சைலன்சருக்கு மேல ஒரு தகடு அடிச்சா முடிஞ்சு போச்சு மாப்ள. இதுக்கா இம்புட்டு கவல?"

தகட்டைச் சைலன்சரோடு ஒட்டி முடுக்கினான். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன். சூடு இல்லை பார் என்று தகட்டில் கை வைத்தவன், அந்தக் கையை உதறிக்கொண்டே தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினான். இரண்டாம் தடவை நடுவில் புஷ் என்ற சிறு குழாய்த் துண்டுகளைக் கொடுத்து ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, காற்றுப் போக ஓட்டைகளும் போட்டான். அது பிரமாதமாக அமைந்தது. கூடவே கைப்பிடியை மூன்று அங்குலம் உயர்த்தினோம். மங்கை கால் வைக்க அகலமான பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வண்டி இப்போதுதான் குடும்பஸ்தன் வண்டி மாதிரி இருக்கிறது என்றான் பாண்டி. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

வளைகாப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அலங்காநல்லூர் பக்கம் சோதனை ஓட்டம். தகட்டில் சேலை பட்டும் ஒன்றும் ஆகவில்லை. நான் பாண்டியை வாயாரப் புகழ்ந்துகொண்டே ஓட்டினேன். சர்க்கரை ஆலையைத் தாண்டியதும் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. நிறுத்துவதற்குள் மங்கை இறங்கி வாய்க்கால் ஓரம் போய்விட்டாள். காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது.

அன்று எனக்கு வந்த ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது. பஸ் இல்லை, டீசல் இல்லை, திறந்த வெளிக் காற்று, அப்படியும் இவளுக்கு ஆகவில்லை. ஆயில் புகைதான் காரணம், சைலன்சர் முனையை நீட்டிவிடலாம் என்று நான் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். மங்கை முகத்தைக் கழுவிவிட்டு மதகின் மேல் உட்கார்ந்து யோசித்தாள்.

"எங்க மாமா லாரில முன்னாடி உக்காந்து விருதுநகர் வரைக்கும் போயிருக்கேன். அதுவும் டீசல்தான. ஒண்ணும் செய்யலையே" என்றாள்.

"அது சின்ன வயசு."

"வயசு இல்லீங்க. பஸ்ல ஏறுனதும் லேடீஸ் சீட்டுன்னு என்னைய எங்க உக்கார வைக்கிறாக? முன்னாடி, சன்னலுக்கு முதுகக் காட்டி நீளமா ஒரு பெஞ்சு. பஸ்ஸு ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் பாத்துட்டு இருப்பேன். ஒங்க வண்டியிலயும் அதே மாதிரிதான உக்காந்து வாரேன்?"

கல்யாணமாகி நாலு வருடம், இரண்டு குடும்பமும் சேர்ந்து டீசலைத் திட்டிக்கொண்டிருந்தோம். மங்கை எழுந்து சாலையின் இரு பக்கமும் பார்த்தாள். கரும்பு வண்டி ஒன்று தூரத்தில் போய்க்கொண்டிருந்தது, வேறு ஆள் இல்லை. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, ஆண்கள் உட்காருவது போல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். "போங்க" என்றாள். ஊர் எல்லை வரும்வரை என் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவைகூடத் தட்டவில்லை. வீடுகள் வரத் தொடங்கியதும் இறங்கி, மறுபடி ஒரு பக்கமாக ஏறிக்கொண்டாள்.

அடுத்த நாள் இருவரும் பாண்டியிடம் போனோம். வலது சைலன்சருக்கும் தகடு, இரண்டு பக்கமும் கால் வைக்க இடம் வேண்டும் என்றோம். பாண்டி தலையைச் சொறிந்தான்.

"ஊருல என்னம்மா சொல்லுவாக?"

"ஊரா வந்து வாந்தி எடுக்கப் போகுது? நீங்க தகட அடிங்கண்ணே" என்றாள் மங்கை.

வளைகாப்பன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பட்டுச் சேலை பைக்குள். மங்கை உடுத்தியிருந்தது நூல் சேலை, முழங்கால் வரை ஏற்றிச் செருகியது. அதற்குக் கீழே என்னுடைய பழைய பெல்பாட்டம், அதன் அகலக் கால் தகட்டில் படாமல் இருக்க இரண்டு சைக்கிள் கிளிப். தெருவில் பால் வாங்க நின்றவர்கள் பால் வாங்குவதை மறந்தார்கள். திருமங்கலம் கேட் வழக்கம் போல மூடியிருந்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். எனக்குக் காது சுட்டது. மங்கை நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி முதல் சர்வீசும் முடிந்திருந்தது, இனி எந்த வேகத்துக்கும் தடையில்லை. ஆனாலும் அவள் வயிற்றை நினைத்து அறுபதிலேயே பிடித்தேன். திருமங்கலம் தாண்டியதும் இருபுறமும் கரிசல், வெடித்த பருத்தி, நீளமான நேர்ச் சாலை. பின்னாலிருந்து நேர்முக வர்ணனை தொடங்கிவிட்டது. பாலம் வருது, மாடு வருது, அந்தக் கிணத்துல மாட்டப் பூட்டிக் கமலை எறைக்கிறாக பாருங்க. ஒரு இடத்தில், "இந்த ரோட்டுல இம்புட்டு புளிய மரம் இருக்கா?" என்று கேட்டாள். பிறந்த ஊருக்குப் போகும் சாலையை அவள் அன்றுதான் கண் திறந்து பார்க்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏழேகாலுக்குப் பேரையூர். வாசலில் மாமியார் எப்போதும் போல ஒரு கையில் சொம்புத் தண்ணீரும் மறு கையில் எலுமிச்சம்பழமுமாக நின்றார். பின்கட்டில் பாய் விரித்துத் தயாராக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மங்கை காலைத் தூக்கிப் போட்டு இறங்கினாள். மாமியாரின் கண் பெல்பாட்டத்தில் விழுந்தது, பிறகு சைக்கிள் கிளிப்பில் விழுந்தது.

"என்னத்தா இது கோலம், சொந்தபந்தமெல்லாம் வந்து நிக்குற எடத்துல..."

"அம்மா, பசிக்குது" என்றாள் மங்கை. "இட்லி அவிச்சாச்சா?"

மாமியார் அப்படியே நின்றார். கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து இறங்கி மகள் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடினார். மங்கை ஆறு இட்லி சாப்பிட்டாள். பட்டுக்கு மாறி, தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து முதல் வளையலை அவள் கையில் போட்டாள். மதியம் கலந்த சாதத்தில் ஒரு வகையையும் விடவில்லை.

இப்போது தம்பிகளுக்கு. இரட்டைச் சிலிண்டர் வண்டி வாங்கினால் முதலில் இடது சைலன்சரைப் பாருங்கள். தகடு அடித்தால் ஒரு அங்குலம் இடைவெளி முக்கியம். கைப்பிடியை உயர்த்துங்கள், பிரேக்கை நம்பாதீர்கள். பேரையூர் போய் வர ஐந்து லிட்டர் பெட்ரோல் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாற்றம் செய்வதற்கு முன்பும், பின்னால் உட்காருகிறவரை ஐந்து கிலோமீட்டர் கூட்டிப் போய், என்ன தெரிகிறது என்று கேளுங்கள். நான் கேட்காமலே விட்டதை நீங்கள் முதலில் கேட்டுவிடலாம்.

சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பக் கிளம்பினோம். நான் கிக்கரை மிதிக்கக் காலைத் தூக்கியபோது மங்கை கேட்டாள்.

"ஏங்க, பஸ்லயும் நேராப் பாத்த சீட்டு இருக்கத்தான செய்யுது?"

அலங்காநல்லூர் மதகிலேயே இந்தக் கேள்வி என் மனதில் வந்துவிட்டது. இரண்டு வாரமாக, அவளுக்கு அது தோன்றிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தேன். வண்டி போச்சு என்று முடிவு செய்துகொண்டு, "இருக்கு" என்றேன்.

அவள் சைக்கிள் கிளிப்பைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"வாரப்ப அறுபதுலயே உருட்டிட்டு வந்தீங்க" என்றாள். "ரோடு நேராத்தான கெடக்கு. இப்ப கொஞ்சம் வெரட்டுங்க."